லைசென்ஸ் நம்பர் இல்லாத விளம்பரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் பத்திரிகையில் வரும் வெளிநாட்டு வேலை விளம்பரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தேவகோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். வளைகுடா போகிற பையன்கள் விசாவைப் பிரின்ட் எடுக்க என்னிடம்தான் வருவார்கள். போன வாரம் ஒரு தம்பி, துபாய்க்குக் கம்பெனி விசா வந்துவிட்டது என்று சிரித்த முகமாக வந்தான். தாளை எடுத்துப் பார்த்தால் 60 நாள் விசிட் விசா. ஏஜென்ட்டுக்குக் கொடுத்தது 90 ஆயிரம். "அங்க போனதும் மாத்திக் கொடுத்துடுவாங்கக்கா. ஏர்போர்ட்ல கேட்டா மாமா வீட்டுக்குப் போறேன்னு சொல்லச் சொன்னாங்க" என்கிறான். கம்பெனி விசாவில் போகிறவன் எதற்கு மாமா வீட்டைச் சொல்ல வேண்டும்?

விசிட்டில் போய் வேலை தேடி, கம்பெனி வேலை பெர்மிட் எடுத்த பிறகு அங்கேயே விசா மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. (லீவில் வந்து கதை சொல்கிறவர்களும் அவர்கள்தான்; மாட்டிக்கொண்டவன் எங்கே வந்து சொல்லப்போகிறான்?) பெர்மிட் வருமுன் வேலை பார்ப்பதுதான் குற்றம். அப்படி ஆள் வைக்கும் முதலாளிக்கான அபராதத்தை அமீரகம் 2024-இல் 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை ஏற்றிவிட்டது. அதனால் செக்கிங் என்றாலே பையனைப் பின்வாசல் வழியாகக் கிளப்பிவிடுவார்கள். சம்பளம் தரவில்லை என்று புகார் கொடுக்கக்கூட அவன் கையில் ஒரு காகிதம் இருக்காது. விசா நாள் முடிந்தால் தினம் 50 திர்ஹம் அபராதம் அவன் தலையில்.

பத்தாவது தேறாதவர்களின் இசிஆர் பாஸ்போர்ட்டை (வளைகுடா மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் கிளியரன்ஸ், அதாவது அனுமதி, வாங்க வேண்டிய பாஸ்போர்ட்) ஊரில் கொஞ்சம் மட்டமாகத்தான் பார்க்கிறோம். உண்மையில் அதுதான் காவல். வேலை விசாவும் சம்பள ஒப்பந்தமும் இ-மைக்ரேட் என்ற மத்திய அரசுத் தளத்தில் ஏறினால்தான் கிளியரன்ஸ். கூடவே பிரவாசி பாரதிய பீமா காப்பீடு: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம். விசிட்டில் ஏறினால் இதெல்லாம் கிடையாது. பத்தாவது தேறியவனுக்குக் கிளியரன்ஸே தேவையில்லை என்பதால் அவனை யாரும் நிறுத்திக் கேட்பதுமில்லை. என் கடைக்கு இப்படி வருகிறவர்களில் டிப்ளமோ படித்தவர்கள்தான் அதிகம்.

அப்புறம், உங்கள் வரி விளம்பரங்கள். 'ஹெல்பர், பேக்கிங், உடனடி விசா' என்று போட்டு அடியில் ஒரு செல் நம்பர் மட்டும் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் தன் லைசென்ஸ் நம்பரை விளம்பரத்தில் போட வேண்டும் என்று மத்திய வெளியுறவு அமைச்சகம் சொல்கிறது. அவர் வாங்கக்கூடிய கட்டணமும் அதிகபட்சம் 30 ஆயிரமும் ஜிஎஸ்டியும்தான். நம்பர் உண்மையா என்று இ-மைக்ரேட் தளத்தில் உங்கள் விளம்பரப் பிரிவே பார்த்துவிடலாம். நம்பர் இல்லையென்றால் விளம்பரம் வேண்டாம். வருமானம் குறையும்தான், சரி, அதைப் பத்திரிகை பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வாசகி,
தேவகோட்டை.