வாசலில் நின்றவனுக்கு ஒரு கடிதம்

செல்லூர், மதுரை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பொங்கல், விருந்தாளிகள், வெள்ளையடிப்பு என்று நாள் ஓடிப்போனது. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சின்னவன் கல்லூரி சேர்ந்துவிட்டான். நம் செல்லூரில் நீ பார்க்காத ஒன்றும் வந்திருக்கிறது: கபடி வீரர்கள் சிலையோடு ஒரு ரவுண்டானா. தெருவிளக்கு வெளிச்சத்தில் நாம் முட்டியைத் தேய்த்துக்கொண்ட ஊருக்குச் சிலை வைத்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'இந்த வயதிலும் மேட்ச் பார்த்து அழுகிறாயாமே' என்று எழுதியிருக்கிறாய். என் வீட்டுக்காரிதான் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும். ஆமாம், அழுதேன். 2023 நவம்பர் 19, அகமதாபாத், உலகக் கோப்பை கிரிக்கெட். பத்து ஆட்டமும் ஜெயித்துவிட்டு இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற ராத்திரி. 'உனக்கென்ன நஷ்டம்? உன் காசா போச்சு?' என்று மகன் கேட்டான். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு அக்காவோடு பாலமேடு ஜல்லிக்கட்டுக்குப் போனபோதுதான் ஏதோ பிடிபட்ட மாதிரி இருந்தது.

அக்கா ஒரு காளை வளர்க்கிறாள், சொன்னேனா? பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், நடை, நீச்சல், மண்குத்தல் என்று வருஷம் முழுக்க அதற்குச் செய்கிற பணிவிடையில் பாதி அத்தானுக்குச் செய்திருந்தால் மனிதர் நூறு வயது இருப்பார். முதல் நாள் ராத்திரியே காளைகள் வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டன. டோக்கன், மாட்டு டாக்டர் பரிசோதனை எல்லாம் முடித்து மருமகன் காளையை வாடிவாசலுக்குள் கொண்டுபோனான். அக்காவும் நானும் கயிற்றோடு திடலின் அந்தக் கடைசியில், ஓடிவரும் மாடுகளைப் பிடித்துக் கட்டும் இடத்தில் நின்றோம். அங்கிருந்து ஒன்றும் தெரியாது. மைக் சத்தம் மட்டும்தான்.

ஒரு வருஷ உழைப்பு. மூக்கணாங்கயிறை உருவிவிட்டால் அதற்குமேல் அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை. வெறும் கயிற்றைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். மைக்கில் மாட்டின் பெயரைச் சொன்னார்கள், 'தொட்டுப் பார், தொட்டுப் பார்' என்றார்கள். கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. அப்புறம் 'பிடிமாடு' என்றார்கள், மாடு பிடிபட்டுவிட்டது. அவ்வளவுதான். எத்தனை விநாடி இருக்கும், பத்துகூட இராது.

காளை வந்து சேர்ந்ததும் அக்கா முதலில் அதன் கால்களைத் தடவிப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் ஏற்றும்போதுதான் மருமகனிடம் கேட்டாள்: 'பிடிச்சது எந்த ஊர்ப் பையன்டா?' அவன் சொன்னான். 'திமிலை விடவே இல்லையாக்கும்' என்றாள். 'நல்ல கைதான்.'

எனக்குச் சேப்பாக்கம் டெஸ்ட் மேட்ச் ஞாபகம் வந்தது. உனக்கும் இந்நேரம் வந்திருக்கும்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானுக்கு எதிராக நமக்கு இலக்கு 271. மாடி வீட்டு டிவி முன்னால் பதினைந்து பேர். 82 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போனதும், நீ உள்ளே வரும்போதெல்லாம் விக்கெட் விழுகிறது என்று எவனோ கண்டுபிடித்தான். உன்னை வாசலுக்கு அனுப்பினோம். சச்சினும் நயன் மோங்கியாவும் நின்றுவிட்டார்கள்! மற்றவர்களும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. ஒருத்தன் அவசரத்துக்குக்கூடப் போகாமல் இரண்டு மணி நேரம் இருந்தான். இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் யோசித்துப் பார், ஆடுகிறவன் கையில் மட்டை இருக்கிறது. நம் கையில் என்ன இருந்தது? ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது, ஆளுக்கொரு இடத்தைக் காவல் காத்தோம். உனக்கு வாசல்.

மோங்கியா 52 ரன் அடித்துவிட்டுப் போனார். முதுகுவலியோடு சச்சின் அடித்தார். 136-இல் சக்லைன் வீசிய பந்தைத் தூக்கி அடித்தார், வாசிம் அக்ரம் பிடித்தார். அப்போது தேவை வெறும் 17 ரன், கையில் மூன்று விக்கெட். நாலே ரன்னில் மூன்றும் போனது. 12 ரன்னில் தோல்வி. ஆட்ட நாயகன் விருதை வாங்கக்கூடச் சச்சின் வெளியே வரவில்லை.

சச்சின் விக்கெட்டுக்கு எல்லோரும் உன்னைத்தான் திட்டினார்கள், நீ உள்ளே வந்துவிட்டாய் என்று. நீயும் தலையைக் குனிந்துகொண்டாய். இத்தனை வருஷமும் கல்யாண வீட்டில், காது குத்தில், எங்கே கூடினாலும் அதே பேச்சு. மாப்ளே, ஜன்னல் வழியாகக் கைகாட்டி உன்னைக் கூப்பிட்டது நான்தான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துவிட்டேன், நீ மட்டும் அதைப் பார்க்காமல் போகக்கூடாதே என்று பட்டது. அப்புறம் பதினான்கு பேர் உன்மேல் பாய்ந்தபோது வாயைத் திறக்கப் பயந்து நானும் சேர்ந்து திட்டினேன். நீயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன்?

அன்று பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது. மாடியில் எவனும் தட்டவில்லை. நீ மட்டும் தட்டினாய், அதற்கும் திட்டு வாங்கினாய். அக்கா 'நல்ல கைதான்' என்று சொன்னபோது அந்தக் கைதட்டல்தான் எனக்குக் கேட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் சக்கிமங்கலம் ரேவதி டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டம் ஓடினாளே, 2021-இல்? கூலி வேலை பார்த்துப் பாட்டி வளர்த்த பிள்ளை, வெறுங்காலோடு ஓடத் தொடங்கியவள். அணி இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. தன் பங்கு 400 மீட்டரை ஓடிக் குச்சியைக் கைமாற்றிவிட்டால், அதன்பிறகு அவளும் நம்மைப் போல நின்று பார்க்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் அவள் எதைக் காவல் காத்தாளோ.

2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்து ராத்திரி நீ போன் செய்தாய். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் தேவை, கிளாசன் வெளுத்துக்கொண்டிருந்தார். 'முடியும்வரை கூப்பிடாதே' என்று வைத்துவிட்டேன். கடைசி ஓவரில் எல்லைக்கோட்டில் சூர்யகுமார் அந்தக் கேட்சைப் பிடித்தார், ஏழு ரன்னில் ஜெயித்தோம். அப்போதும் உன்னை வாசலில்தான் நிறுத்தியிருக்கிறேன், பார்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். ஐபிஎல் நடக்கிற சமயம்தான். உனக்கென்று ஒரு நல்ல நாற்காலி வாங்கி டிவிக்கு நேராகப் போட்டிருக்கிறேன். ஆனால் சென்னை ஐந்து விக்கெட் இழந்தால் என்ன செய்வேன் என்று இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது.

இப்படிக்கு,
உன் செல்லூரான்