குதிரையை எண்ணினால் போதுமா?

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்துக்கு அப்பாலுள்ள நெடுந்தீவில் காட்டில் திரியும் குதிரைகள் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர்த் தொட்டி, வேலி, தலைக்கணக்கு எல்லாம் இருந்தன. அவற்றின் காலடியில் ஓடும் வண்டு, சிலந்தி, ஈக்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

போன ஆவணியில் அங்கே காய்ந்த குதிரை லத்தியொன்றைத் தடியால் புரட்டிப் பார்த்தேன். மேலே ஓடு மாதிரி, அடியில் ஈரம். இரண்டு கறுத்த வண்டுகள் அவசரமாக மண்ணுக்குள் இறங்கின. முட்டைப் பொதியைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஒரு ஓநாய்ச் சிலந்தி புல்லுக்குள் ஓடியது. "மாமா, இதுக்கோ படகேறி வந்தனீங்கள்?" என்றான் மருமகன்.

ஆர்க்டிக்கில் இதற்காக விமானமே ஏறுகிறார்கள். மேற்குக் கிரீன்லாந்தின் கங்கர்லுஸ்ஸுவாக்கில், கரிபூ மான்களும் கஸ்தூரி எருதுகளும் மேயும் வெளியில், 2002 முதல் சில துண்டு நிலங்களை வேலியடைத்து வைத்திருக்கிறார்கள். வெப்பம் கூடக்கூட வேலிக்குள் குட்டை பேர்ச், வில்லோ என்ற பற்றைகள் மண்டின. வெளியே மிருகங்கள் கடித்துக் கடித்து மட்டுப்படுத்தின. பற்றை உயர்ந்தால் நிழல் விழும், மண் குளிரும். வலை கட்டும் சிலந்திக்குக் கொப்பு கிடைத்த கொண்டாட்டம். வெயில் பட்ட தரையில் ஓடி இரை பிடிக்கும் ஓநாய்ச் சிலந்தி பாடுதான் திண்டாட்டம். சாணத்தில் முட்டையிடும் ஈக்களின் பிழைப்போ மிருகத்தின் வயிற்றை நம்பியே இருக்கிறது.

வடகிழக்குக் கிரீன்லாந்தின் சக்கன்பேர்க்கில் 1996 முதல் மஞ்சள் கோப்பைகளை மண்மட்டத்துக்குப் புதைத்து, விழும் பூச்சிகளை எண்ணுகிறார்கள். வீட்டு ஈயின் உறவுக்கார ஈக்கள் 2014-க்குள் 80 சதவீதம் குறைந்திருந்தன. அது மேய்ச்சலைவிடக் காலநிலையின் கதை, சரி. ஆனாலும் எண்ணியிராவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

நெடுந்தீவில் வேலிக்குக்கூடப் பெரிய செலவில்லை. பழைய முருகைக்கல் மதில்கள் இருக்கின்றன. கைவிட்ட வளவொன்றில் இடிந்த பக்கத்தை உயர்த்தி அடைத்தால் குதிரை நுழையாது. உள்ளே பத்து, வெளியே பத்து என்று யோகட் கப் புதைத்து, சவர்க்காரத் தண்ணீர் கொஞ்சம் விட்டு, மழைக்கு முன்னும் பின்னும் எண்ணினால் உயர்தர மாணவர்களுக்கு நல்ல செயற்திட்டம். குதிரைகளை அடைப்பதா, இடம் மாற்றுவதா என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கழுவிக் காயவைத்த கப் நாற்பது என்னிடம் இருக்கிறது. எந்தப் பாடசாலையும் வந்து எடுத்துக்கொள்ளலாம். மனைவி குசினியில் இடமில்லை என்கிறார்.

ஓய்வுநிலை உயிரியல் ஆசிரியர்,
வேலணை.