எவ்விரலுக்கும் பொருந்தும் என்று விற்கப்பட்ட மாய மோதிரம் தொடர்பான முறைப்பாடு

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
உப்புவெளி, திருகோணமலை.

பெறுநர்:
முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

டோல்கீனின் 'த லோர்ட் ஒவ் த ரிங்ஸ்' நாவலில் வரும் மாய மோதிரத்தின் மாதிரி ஒன்றைக் கடந்த மாதம் தங்கள் இணையத்தளத்தின் ஊடாக 8,500 ரூபா செலுத்தி வாங்கினேன். விரலின் அளவைக் குறிப்பிட அங்கே இடம் இருக்கவில்லை. "கதையில் உள்ளதைப் போலவே எவ்விரலுக்கும் பொருந்தும்" என்ற வரி மாத்திரமே இருந்தது. அந்த வரியை நம்பித்தான் பணத்தைச் செலுத்தினேன். அது பொருளைப் பற்றியும் பொய் சொல்கிறது, கதையைப் பற்றியும் பிழையாகச் சொல்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வந்து சேர்ந்த மோதிரம் பொன்னிற முலாம் பூசிய டங்ஸ்டன் கார்பைட் வளையம். அதன் உள்விட்டம் 20 மில்லிமீற்றர். அதாவது உட்சுற்றளவு ஏறத்தாழ 63 மில்லிமீற்றர். நாற்பது ஆண்டுகள் வலை இழுத்த என் அப்பாவின் மோதிரவிரலை நூலால் சுற்றி அளந்தபோது மூட்டில் 69 மில்லிமீற்றர் இருந்தது. பதினொரு வயது மகளின் விரலோ 47 மில்லிமீற்றர். அப்பாவுக்கு அது மூட்டைத் தாண்டவில்லை. மகள் கையைத் தாழ்த்தியதும் நிலத்தில் விழுந்து உருண்டது.

நகரிலுள்ள பத்தர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பொன் மோதிரமென்றால் வெட்டி, ஒரு துண்டு வைத்துப் பொடி ஊதிப் பற்றவைத்துப் பெருப்பித்துத் தரலாம், அல்லது ஒரு துண்டை எடுத்துச் சிறுப்பிக்கலாம் என்றும், இந்த உலோகம் வளையவும் மாட்டாது நீளவும் மாட்டாது, ஓங்கித் தட்டினால் உடைந்துதான் போகும் என்றும் அவர் சொன்னார். எந்த உலோகத்தில் அளவை மாற்றவே இயலாதோ அந்த உலோகத்தில் செய்துவிட்டு, எல்லா விரலுக்கும் பொருந்தும் என்று எழுத தங்களுக்கு எப்படி மனம் வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

இதை மின்னஞ்சலில் அறிவித்தபோது, கதாநாயகனைப் போலச் சங்கிலியில் கோர்த்து அணிந்துகொள்ளுமாறு தங்கள் அலுவலர் பதில் அனுப்பினார். கதாநாயகனான ஃப்ரோடோ அதைச் சங்கிலியில் வைத்திருந்தது விரலுக்குப் பொருந்தாததால் அன்று. அணியக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டதால்தான். அணிந்த வேளைகளில் அது அவன் விரலில் சரியாகவே இருந்தது. இரண்டு அடிக்கும் நான்கு அடிக்கும் இடைப்பட்ட உயரமுள்ள ஹொபிட் இனத்தவன் அவன். அதே மோதிரம் அதற்கு முன்னர் அதை உருவாக்கிய கொடியவன் சௌரோனின் கையில் இருந்தது; அந்தக் கையிலிருந்து வெட்டி எடுத்த மனித அரசன் இசில்டூர், தொட்டபோது சுட்டெரித்ததாகவும், ஆற ஆறச் சுருங்குவதாகத் தோன்றியதாகவும் எழுதிவைத்தான். ஃப்ரோடோ வழியில் சந்தித்த டொம் பொம்படில் என்பவர் தன் பெரிய உள்ளங்கையில் வாங்கிய கணத்தில் அது பெருத்ததுபோல் தெரிந்தது.

ஆயினும் இந்தப் பொருத்தம் அணிபவருக்கு அது செய்யும் உபகாரம் அன்று. இதுவே தங்கள் விளம்பரம் முற்றாகத் தலைகீழாக்கிய இடம். அந்த மோதிரம் தன் எசமானான சௌரோனிடம் திரும்பிப் போவதற்காகவே இறுகுகிறது, அதற்காகவே நெகிழ்கிறது. இறுக்கமாக இருந்த விரலிலிருந்து திடீரெனக் கழன்றுவிடும் என்பதை, ஃப்ரோடோவுக்கு முன் அதை வைத்திருந்த பில்போ அனுபவத்தில் அறிந்திருந்தான். அணிந்தவரை மறைக்கும் அந்த மோதிரத்தோடு ஆற்றில் நீந்தித் தப்ப முயன்ற இசில்டூரின் விரலைவிட்டு அது நழுவியதால்தான் அவன் எதிரிகளின் கண்ணுக்குத் தெரிந்து அம்பு பட்டு இறந்தான்.

இந்த இடத்தை நானும் மகளும் அப்பாவுக்குத் தமிழில் சொன்ன இரவில் அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பல ஆண்டுகளுக்கு முன்னர் திருக்கடலூர்க் கரைக்கு அப்பால் விடியற்காலையில் வலை இழுக்கும்போது, குளிர்ந்து சுருங்கிய விரலிலிருந்து அவருடைய கலியாண மோதிரம் கடலில் போய்விட்டது. நண்பகல் வெயிலில் வீங்கி வலிக்கும் அதே விரல், தண்ணீரில் மெலிந்து மோதிரத்தை விட்டுவிடும் என்று அவர் அன்றுதான் எங்களுக்குச் சொன்னார். அம்மா இப்போது இல்லை. அப்பாவும் பேத்தியும் மாறி மாறி அணியட்டும் என்று நான் தேடியபோதுதான் தங்கள் விளம்பரம் கண்ணில் பட்டது. மாயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. திறந்த முனைகளோடு நெகிழக்கூடிய வளையம் ஒன்றைச் செய்திருப்பீர்கள் என்றே எண்ணினேன். அப்படிப்பட்ட மோதிரங்கள் சாதாரணக் கடைகளிலும் கிடைக்கின்றன.

ஆகவே மோதிரத்தைத் தங்கள் செலவில் மீளப் பெற்றுக்கொண்டு முழுத்தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மாற்றுப் பொருளோ கழிவுச் சீட்டோ எனக்கு வேண்டாம். அந்த விளம்பர வரியை அகற்றி, உள்விட்டத்தையும் உலோகத்தையும் அளவு மாற்ற இயலாது என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். நூலால் விரலை அளக்கும் முறையையும், வெப்பத்திலும் குளிரிலும் விரல் மாறும் என்பதையும் இரண்டு வரிகளில் சேர்த்தால் அடுத்து வாங்குபவர் ஏமாற மாட்டார்.

14 நாட்களுக்குள் பதில் கிடைக்காவிடின், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் எழுத்துமூலம் முறைப்பாடு செய்வேன். பற்றுச்சீட்டு, விளம்பரப் பக்கத்தின் படம், தங்கள் அலுவலரின் மின்னஞ்சல் ஆகியவற்றின் பிரதிகளும், அப்பாவின் விரலையும் மகளின் விரலையும் அளந்து முடிச்சிட்ட இரண்டு நூல்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்