பிடித்த மீனை விடுவதற்கும் முறை உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒகேனக்கல் பக்கமும் கிருஷ்ணகிரி அணைப் பக்கமும் விடுமுறை நாட்களில் ராடும் ரீலுமாக வரும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். பலர் பிடித்த மீனைப் படம் எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நீந்திப் போன மீனெல்லாம் பிழைத்துவிடுவதில்லை. சில மணி நேரம் கழித்துப் பாறை இடுக்கில் செத்து ஒதுங்கும். விட்டவர் கண்ணில் அது படாது.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது காவிரியின் ஆனைக்கெண்டையைப் பற்றி. மஹசீர் என்பதும் இதுதான். 1946இல் காவிரியின் துணை ஆறான கபினியில் தூண்டிலில் ஏறிய ஒரு மீன் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. திமில் வைத்த அந்த இனம் 2018 முதல் அழிந்துவரும் உயிரினங்களின் உலகப் பட்டியலில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. காவிரி தெற்கு சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் தூண்டில் போடவே கூடாது. வெளியே வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலிலும் இது ஏறிவிடும் என்பதால்தான் எழுதுகிறோம்.

மெல்லிய நரம்பில், அதாவது தூண்டில் நூலில், பெரிய மீனை அரைமணி நேரம் ஆடவிடுவது வீரமல்ல. போராடப் போராடத் தசையில் அமிலம் ஏறி, மீன் மீளாமல் போகும். 40 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பு போட்டு, ரீலின் டிராக்கை (எவ்வளவு இழுத்தால் நரம்பு நழுவும் என்ற பிடியை) அதில் நான்கில் ஒரு பங்குக்கு, பத்து பவுண்டுக்கு வைத்தால் சீக்கிரம் கரைக்கு வரும். கோடையில் இன்னும் அவசரம்: 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். மே மாதத்து நண்பகலில் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுவதே மேல்.

மூன்று முள் கொக்கி வேண்டாம். ஒற்றை முள் போதும். அதன் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளையும் குறடால் நசுக்கிவிடுங்கள். ராகி உருண்டையை இரையாகப் போடுபவர்கள் நரம்பைத் தளரவிட்டால், மீன் தொண்டை வரை விழுங்கிவிடும். அப்படி விழுங்கிய முள்ளைப் பிடுங்கக் கூடாது. நரம்பை வாயருகே நறுக்கிவிடுங்கள்.

காய்ந்த கையாலோ துண்டாலோ பிடித்தால் உடம்பின் வழவழப்பு கழன்று, அங்கே பூஞ்சை பற்றும். சுடுகிற பாறைமேல் கிடத்துவதும் அப்படித்தான். செவுளில் விரலை மாட்டித் தராசில் தொங்கவிடுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. கனத்த மீனுக்கு உள்ளுறுப்பே நசுங்கும். எடை தெரிய வேண்டுமானால், தண்ணீரில் வைத்தே தையல் டேப்பால் அளக்கலாம். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800ஆல் வகுத்தால் பவுண்டு கிடைக்கும். 40 அங்குல நீளம், 24 அங்குலச் சுற்றளவு என்றால் 28.8 பவுண்டு, சுமார் 13 கிலோ. படத்துக்காகத் தூக்கினால் பத்து விநாடிக்குள் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள்.

விடும்போது வாலடியைப் பிடித்து, மற்றொரு கையை வயிற்றுக்கடியில் கொடுத்து, தலையை மெல்லிய நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி வையுங்கள். முன்னும் பின்னும் இழுத்து ஆட்டக் கூடாது. பின்னால் இழுக்கும்போது செவுளில் தண்ணீர் தலைகீழாகப் பாயும். வால் தானாக உதறும்வரை காத்திருந்து கையை எடுங்கள்.

இவற்றைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, பரிசல் துறையிலும் அணைக்கரையிலும் மீன்வளத்துறை பலகை வைக்க வேண்டும். மழைக்காலத்தில் சினை மீன்கள் வெள்ளத்தை எதிர்த்து ஏறத் தொடங்குமுன் வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
தூண்டில்காரர்கள் சிலர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.