தோள்பட்டை இறுகிய மகளுக்கு

அன்புள்ள தேன்மொழிக்கு, அம்மா எழுதுவது.

தலை பின்னக் கை எழவில்லை, புடவையைப் பின்பக்கம் செருக முடியவில்லை, இடப்பக்கம் புரண்டு படுத்தாலே விழிப்பு வந்துவிடுகிறது என்றாய். டாக்டர் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று எழுதி பிசியோதெரபிக்கு அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை போவதற்கு முன் இதைப் படித்துவிடு.

தோள் மூட்டைச் சுற்றி ஒரு சவ்வுப்பை இருக்கிறது. அது அழற்சியில் தடித்துச் சுருங்குவதுதான் இந்த நோய். 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால் உன் சர்க்கரையைப் பற்றி அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீயே சொல். மாத்திரைச் சீட்டு, எக்ஸ்ரே, கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) ரிப்போர்ட் மூன்றையும் எடுத்துப் போ. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையே என்று குழம்பாதே. சவ்வு அதில் தெரியாது. தேய்மானம் இல்லை என்று பார்க்கத்தான் அதை எடுப்பார்கள்.

முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும், உள்ளே கையில்லாத பனியனும் போட்டுக்கொள். இரண்டு தோளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். பெண் தெரபிஸ்ட்தான் வேண்டுமென்றால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேள்.

முதலில் உன்னையே கையைத் தூக்கச் சொல்வார்கள். பிறகு நீ கையைத் தளர்த்திவிட வேண்டும், தெரபிஸ்ட் தூக்குவார். தசைநார் கிழிந்திருந்தால், உன்னால் தூக்க முடியாத கை பெரும்பாலும் அவர் தூக்கினால் எழும். சவ்வு இறுகியிருந்தால் அவராலும் ஓர் அளவுக்கு மேல் முடியாது. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புவார்களே, அதை நன்றாகக் கவனி. இந்த நோயில் அதிகம் குறைவது அந்த அசைவுதான். கோணமானி வைத்து எத்தனை டிகிரி என்று எழுதுவார்கள். கழுத்தையும் பார்ப்பார்கள், அங்கே நரம்பு அழுந்தினாலும் வலி தோளில் தெரியும்.

பிறகு ஒத்தடம், டென்ஸ் (தோலில் மெல்லிய மின்சாரம் விடும் மெஷின்), அல்ட்ராசவுண்ட் (ஒலி அலை மெஷின்) என்று ஏதாவது வைக்கலாம். வலி கொஞ்ச நேரம் அடங்கும், அவ்வளவுதான். மெஷினை மட்டும் வைத்துவிட்டு அனுப்பினால், “வீட்டில் செய்ய என்ன பயிற்சி?” என்று கேட்காமல் எழுந்து வராதே. தோளை மீட்டுத் தருவது நீ தினமும் செய்யும் பயிற்சிதான்.

வலி மிகுந்த இப்போதைக்கு ஊசல் பயிற்சி கொடுப்பார்கள். நல்ல கையை மேசையில் ஊன்றி முன்னே குனிந்து, வலிக்கிற கையைக் கிணற்று வாளி போலத் தொங்கவிடு. உடம்பை அசை, கை தானாக ஆடட்டும். எல்லோரும் தவறுவது இங்கேதான்: கையையே சுழற்றுவார்கள், தசை இறுகி வலி கூடிவிடும். இன்னொன்று குச்சிப் பயிற்சி. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை வை, இரண்டு கையிலும் குச்சியைப் பிடி, நல்ல கையால் மற்றதை வெளியே தள்ளு. துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று அர்த்தம். சுவரில் விரல்களை நடத்திக் கையை மேலே ஏற்றும் பயிற்சியும் உண்டு, அப்போது தோளைக் காதுவரை தூக்காதே. கை உயர்ந்தது போலத் தெரியும், மூட்டு அசைந்திருக்காது.

வலி அரைமணி நேரத்தில் தணிந்தால் அளவு சரி. மறுநாளும் நீடித்தால் எண்ணிக்கையைக் குறை, தெரபிஸ்ட்டிடமும் சொல். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதும், யாரிடமாவது போய்க் கையை முறுக்கி இழுக்கச் சொல்வதும் வேண்டாம். இரவில் மல்லாந்து படுத்து முழங்கைக்கு அடியில் தலையணை வை.

இது குணமாக ஒரு வருடம் ஆகலாம், மேலும் இழுக்கலாம். நாலு வாரத்துக்கு ஒருமுறை அதே கோணத்தை அளக்கச் சொல். வலியை வைத்து மட்டும் முன்னேற்றத்தைக் கணிக்க முடியாது. டாக்டர் ஸ்டீராய்டு ஊசி சொன்னால் போட்டுக்கொள்ளலாம், ஆனால் சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டிலேயே பார்த்துக்கொள். இடது கை வலியோடு நெஞ்சு அழுத்தமோ வியர்வையோ வந்தால் அது தோள் சமாசாரம் இல்லை, உடனே 108-ஐக் கூப்பிடு.

சனிக்கிழமை எழுதித் தரும் அளவுகளைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா