இ.சி.ஜி. எடுக்கும் முன் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் ஒரு தனியார் கிளினிக்கில் நெடுங்காலம் இ.சி.ஜி. டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது கோட்டையூரில் இருக்கிறேன். இ-சிகரெட் பறிமுதல் செய்திகளை உங்கள் பக்கங்களில் அவ்வப்போது படிக்கிறேன். இத்தனை பெட்டி பிடிபட்டது, இத்தனை லட்சம் மதிப்பு, வழக்குப் பதிவு. அதோடு செய்தி முடிந்துவிடுகிறது. அதை வாங்கி இழுக்கிற பிள்ளையின் நெஞ்சுக்குள் என்ன ஆகிறது என்று ஒரு வரியும் இல்லை. அதைத்தான் எழுத நினைத்தேன்.

நான் வேலையில் இருந்த கடைசிக் காலத்தில், தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையனை அவன் ஆச்சி அழைத்து வந்தார். படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை. வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: “சிகரெட், பீடி பழக்கம் உண்டா தம்பி?” அவன் “இல்லை சிஸ்டர்” என்றான். ஆச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. “பழனிக்கு நடந்து போற பிள்ளைம்மா. அதெல்லாம் கையாலயும் தொடமாட்டான்.” இருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

இ.சி.ஜி. எடுக்கும்போது செயின், வாட்ச், மொபைல் எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைக்கச் சொல்வோம். அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்ததில் மார்க்கர் பேனா மாதிரி தடியாக ஒன்று இருந்தது. அறை முழுக்க மாம்பழ வாசனை. தாளில் இரண்டு துடிப்புக்கு நடுவே பெரிய கட்டம் இரண்டரைதான் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு அந்தத் தாளில் முந்நூறு பெரிய கட்டம் ஓடும். முந்நூறை இரண்டரையால் வகுத்தால் நிமிஷத்துக்கு 120 துடிப்பு. படுத்துக்கொண்டிருக்கிற இருபது வயதுப் பையனுக்கு அது அதிகம். ஆச்சியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “தம்பி, இது என்ன?” என்றேன். “இது சும்மா வேப் சிஸ்டர். வெறும் ஆவிதான், புகை இல்லை” என்றான். இ-சிகரெட்டைத்தான் பிள்ளைகள் வேப் என்கிறார்கள். காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்து, ராத்திரி படுக்கையில் கூட அது கையில் இருக்குமாம். டாக்டரிடம் சொன்னேன். தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்றான பிறகு, அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டு மறுபடி வந்தபோது துடிப்பு இறங்கியிருந்தது. தட்டில் அதை வைக்காமல் கால்சட்டைப் பையிலேயே விட்டிருந்தால், “டென்ஷனாக இருக்கும்” என்று ஒரு மாத்திரையோடு போயிருப்பான்.

ஆவி என்கிறார்களே, அதற்குள் இருப்பதைச் சொல்கிறேன். புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், அதோடு நிகோடின். உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் பேட்டரியால் சூடாகி இந்தத் திரவத்தை ஆவியாக்குகிறது. சூடு ஏறும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகத் துகள்களும் சேர்ந்து உள்ளே போகலாம். நிகோடின் மூளைக்குப் போய்ச் சேரச் சில விநாடிகள் போதும். சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டிவிடுகிறது. அட்ரினலின் சுரந்து ரத்தத்தில் கலந்ததும் இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தக் குழாய் சுருங்குகிறது, பிரஷர் ஏறுகிறது. இழுக்க இழுக்க இதே கதை. ரத்தக் குழாயின் உள்பக்கத்தில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. குழாய் தேவைக்கேற்ப விரிந்து கொடுப்பது அதனால்தான். வேப் இழுத்த பிறகு அந்த விரிவு குறைவதையும், குழாய் விறைப்பதையும் ஆய்வுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

சிகரெட் கெடுதல்தான், ஆனால் அதற்கு ஒரு முடிவு உண்டு. பத்துப் பன்னிரண்டு இழுப்பில் எரிந்து தீர்ந்துவிடும், தொண்டையும் கமறும். இதில் அப்படி ஒரு நிறுத்தமே இல்லை. பெட்டியிலேயே ஆயிரக்கணக்கான இழுப்பு என்று போட்டு விற்கிறார்கள். நிகோடினோடு பென்சாயிக் அமிலம் மாதிரி ஒன்றைச் சேர்த்து உப்பாக்கிவிடுவதால் தொண்டையில் உறுத்தாது. 5 சதவீதம் என்று போட்ட திரவம் இரண்டு மில்லி இருந்தால் அதில் 100 மில்லிகிராம் நிகோடின். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது சுமார் 1 முதல் 2 மில்லிகிராம். வேப்பில் இருப்பது முழுவதும் உடம்பில் சேராதுதான். இருந்தாலும் பையன் எவ்வளவு இழுத்தான் என்பது அவனுக்கே தெரியாது.

இன்னொன்றையும் டெக்னீசியனாக நான் சொல்லியாக வேண்டும். “ஈ.சி.ஜி. நார்மல்” என்று எழுதிய தாளைச் சில பிள்ளைகள் லைசென்ஸ் மாதிரி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாள் இதயத்தின் பத்து விநாடிக் கணக்கு, அவ்வளவுதான். துடிப்பின் வேகம், தாளம், பெரிய சேதம் இருந்தால் அதன் தடயம் தெரியும். ரத்தக் குழாயின் உள்படலம் எப்படி இருக்கிறது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. பத்து விநாடி நன்றாக இருந்ததை வைத்துப் பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் கேட்காதீர்கள்.

படித்த பிள்ளைகள் என்னோடு வாதாடியதுண்டு. இங்கிலாந்தில் அரசு சுகாதார அமைப்பே 2015-ல், சிகரெட்டைவிட இது 95 சதவீதம் தீங்கு குறைவு என்று சொன்னதே என்பார்கள். சொன்னது உண்மை. அந்தக் கணக்கைப் பல நிபுணர்கள் அப்போதே கேள்வி கேட்டதும் உண்மை. எதுவும் எரியாததால் கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது முப்பது வருஷம் சிகரெட் பிடித்து விட முடியாமல் தவிக்கிறவருக்குச் சொன்ன ஒப்பீடு. ஒன்றுமே தொடாத இருபது வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன குறைவு? அவனுக்கு எல்லாமே கூடுதல்தான். திரவம் தீர்ந்ததும் தூக்கிப்போடுகிற வகையை அதே இங்கிலாந்து 2025 ஜூன் முதல் விற்கத் தடை போட்டதை இவர்கள் சொல்வதில்லை. சிகரெட்டையும் விடாமல் இதையும் சேர்த்துப் பிடிக்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்களுடைய இதயத்துக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. இந்தக் கருவி இன்றைய வடிவில் சீனாவில் உருவானது 2003-ல். சிகரெட்டின் முழுக் கணக்கு வெளியே வர எத்தனை தலைமுறை ஆனது என்று யோசித்துக்கொள்ளட்டும்.

நம் பகுதிக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்த ஊர்கள் இவை. அந்தக் காலத்தில் பினாங்கிலிருந்து பிஸ்கட் டின்னும் பீங்கான் சாமானும் வந்தன, சுருட்டும் வந்தது. சுருட்டுப் பிடிக்கிற பெரியவர் முகப்பில் உட்கார்ந்தால் இரண்டாம் கட்டு வரை நாறும், ஒளிக்க முடியாது. இப்போது துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கல்யாணத்துக்கு வருகிற மாப்பிள்ளைத் தோழர்கள் பெட்டியில் இதைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குப் பரிசு மாதிரி கொடுக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பட்டாலையில் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்தே ஒருவன் இழுத்ததைப் பார்த்தேன். “என்னப்பா, புதினா மிட்டாயா? வாசமா இருக்கே” என்று கேட்டார் ஆச்சி. இறக்குமதியே குற்றம் என்று கொண்டுவருகிறவருக்குத் தெரியாதா? தமிழ்நாட்டில் 2018-லேயே தடை வந்தது, 2019-ல் நாடு முழுக்கச் சட்டம் வந்தது. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே அபராதம்.

சட்டத்தைச் சொன்னதும் தாய்மார்களுக்கு வேறொரு பயம் வருகிறது. டாக்டரிடம் சொன்னால் போலீசுக்குப் போய்விடுமோ என்று. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, இருப்பு, விளம்பரம் இவற்றுக்குத்தான் அந்தச் சட்டம் தண்டனை சொல்கிறது. இழுப்பதற்கென்று தனித் தண்டனை அதில் இல்லை. சிகிச்சைக்கு வந்த பிள்ளை டாக்டரிடம் உண்மையைச் சொல்வதால் வம்பு வராது. சொல்லாமல் விட்டால்தான் வம்பு.

அதனால் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் கிளினிக் நடத்துகிறவர்களுக்கும், கல்லூரிகளில் மருத்துவ முகாம் போடுகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஓ.பி. சீட்டில் “புகைப்பழக்கம் உண்டா” என்ற கேள்விக்குக் கீழே வேப், இ-சிகரெட் என்று தனியாக ஒரு வரி சேருங்கள். வீட்டார் இல்லாதபோது கேளுங்கள். கேட்டுவிட்டுத் திட்டாதீர்கள். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, எழுந்ததும் முதல் வேலை அதுவா என்று கேளுங்கள். எழுந்ததும் தேடுகிறான் என்றால் அடிமைப்பட்டுவிட்டான் என்று அர்த்தம். நிறுத்தினால் முதல் சில நாள் எரிச்சலும் தலைவலியும் தூக்கமின்மையும் வரும். அப்போது வீட்டில் அடித்தால் காரியம் கெட்டுவிடும். நெஞ்சு வலி, இடது கை, தாடை வலி, வியர்வை என்று வந்தால் மட்டும் வயது குறைவு, கல்யாணச் சாப்பாட்டு வாயு என்று இஞ்சி தட்டிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

உங்களுக்கும் ஒன்று, ஐயா. பறிமுதல் செய்திகளோடு நீங்கள் போடுகிற படத்தில் பெட்டிகளை நிறவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மாம்பழம், தர்பூசணி, புதினா என்று பெயர் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. விலையும் போட்டுவிடுகிறீர்கள். இதைவிட நல்ல விளம்பரம் விற்கிறவனுக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அடுத்த முறை அந்தப் படத்தின் இடத்தில், புகையிலைப் பழக்கத்தை விட நினைக்கிறவர்களுக்கான தேசிய இலவச எண்ணைப் போடுங்கள்: 1800-11-2356.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இ.சி.ஜி. டெக்னீசியன்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.