அம்மா வேலைக்குப் போகாத வீடு

ஆங் மோ கியோ,
சிங்கப்பூர்.

அன்புள்ள கண்ணம்மா,

25 வருஷம் ஆனதற்காக, கம்ப்யூட்டரில் வீடு கட்டிக் குடும்பம் நடத்தும் அந்தப் பழைய ‘சிம்ஸ்’ விளையாட்டை மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள், வாங்கிவிட்டேன் என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். வீடு கட்டும்போது வரும் அந்தப் பியானோ இசையையும் கேட்க வைத்தாய். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மா, “என்ன பாட்டு அது?” என்றாள். “சின்ன வயதில் அவள் விளையாடியது” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

2002 டிசம்பர் விடுமுறையில், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் அதை வாங்கிவந்தோம். அப்புறம் மார்ச்சில் சார்ஸ் தொற்றுநோய் வந்தது. 27ஆம் தேதி பள்ளிக்கூடங்களை மூடினார்கள். உனக்கு 9 வயது. அம்மா மருத்துவமனையில் தாதி. லீவு எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு அறையை அம்மாவுக்கென்று ஒதுக்கினோம். இன்னொன்றில் நீயும் பாட்டியும். நான் கூடத்தில், கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தேன். அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். வேலை முடிந்து வந்தால் நேராகக் குளியலறை, அங்கிருந்து நேராக அறை. கதவு இடுக்கில் நின்று உன்னிடம் பேசுவாள். கிட்டே வராதே என்று கையைக் காட்டுவாள். நீ அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நீ பாட்டுக்கு அந்த விளையாட்டில் உட்கார்ந்திருந்தாய். பாட்டிக்குத் தமிழைத் தவிர ஒரு மொழியும் தெரியாது. ஆனால் விளையாட்டுக்குள் இருக்கும் அந்த சிம் மனிதர்கள் பேசுவது எந்த நாட்டு மொழியும் இல்லையே, அதனால் நம் எல்லோரையும்விடப் பாட்டிக்குத்தான் நன்றாகப் புரிந்தது. “பசிக்குதுன்னு கையை ஆட்டுது பாரு, சோறு போடு” என்பார்கள். ஒருநாள் சமைக்கத் தெரியாத சிம் அடுப்பைப் பற்றவைத்துத் தீப்பிடித்து, எல்லாரும் ஓடிவந்து நின்று கத்தினார்கள். கூடவே பாட்டியும் கத்தினார்கள்.

ஒரு ராத்திரி நீ தூங்கிய பிறகு, கம்ப்யூட்டரை அணைக்கலாம் என்று போனேன். திரையில் ஒரு வீடு. அப்பா, அம்மா, ஒரு பெண் குழந்தை, நம் பெயர்களோடு. அப்படியே உட்கார்ந்து பார்த்தேன். விளையாட்டில் ஒரு நிமிடம் நமக்கு ஒரு நொடி, ஒரு முழுநாள் 24 நிமிடத்தில் முடிந்துவிடும். காலையில் பள்ளிப் பேருந்து வந்து அந்தக் குழந்தையை ஏற்றிக்கொண்டு போனது. என்னைக் கூட்டிப்போக ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. அம்மாவுக்கு மட்டும் ஒரு வண்டியும் வரவில்லை. சாயந்திரம் பேருந்து திரும்பியது. அந்த அம்மா எழுந்து போய்க் குழந்தையைக் கட்டிக்கொண்டாள்.

விளையாட்டில் வரும் அந்தப் பச்சை வைரம் அவள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது.

மறுநாள் உன்னிடம், “அம்மாவுக்கு ஏம்மா வேலை கொடுக்கவில்லை?” என்று கேட்டேன். “வேண்டாம்ப்பா, ‘ரோஸ்பட்’னு ரகசியச் சொல் அடிச்சா 1,000 சிமோலியன் காசு வரும். திரும்பத் திரும்ப அடிச்சா எவ்வளவு வேணாலும் வரும். அம்மா வீட்டிலேயே இருக்கட்டும்” என்றாய். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அந்தக் குரல்கூட ஞாபகம் இருக்கிறது.

அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாள் ஷிஃப்டுக்குக் கிளம்ப அவளால் முடியாது என்று நினைத்தேன். மே 31ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை சார்ஸ் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. மொத்தத்தில் இங்கே 238 பேருக்கு நோய் வந்து, 33 பேர் இறந்தார்கள். மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களும் அதில் உண்டு. எங்கள் வீட்டு அம்மா திரும்பி வந்த சந்தோஷத்தில் பழையதைக் கிளற மனம் வரவில்லை. அப்படியே 22 வருஷம் ஓடிவிட்டது.

2004இல் இரண்டாவது சிம்ஸ் வந்தபோது வாங்கித் தந்தேன். அதில் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகி, கிழவர்களாகி, செத்தும் போவார்கள். நீ ஒரு வாரம் விளையாடிவிட்டுப் பழையதற்கே திரும்பினாய். அதில் குழந்தை குழந்தையாகவே இருக்கும். அது எனக்கும் பிடித்திருந்தது, சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த விளையாட்டைச் செய்த வில் ரைட், நீ இப்போது இருக்கிற கலிஃபோர்னியா ஓக்லாந்தில்தான் 1991 காட்டுத்தீயில் வீட்டை இழந்தார், சாமான்களை மறுபடி ஒவ்வொன்றாக வாங்கும்போதுதான் இது அவர் மனதில் உருவானது என்று சொன்னாயே. நீ அங்கே போய் வேலை பார்ப்பது எனக்கு அதனாலேயே இன்னும் பிடித்துப்போனது.

பழைய கம்ப்யூட்டரை, வேண்டாத சாமான் வாங்கும் கராங்குனிக்காரரிடம் போட்டது நான்தான். வீடும் அதோடு போய்விட்டது. நீ அதை மறுபடி கட்ட வேண்டும், கண்ணம்மா. அம்மா இப்போது ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறாள். டிசம்பரில் வரும்போது லேப்டாப்பைக் கொண்டு வா. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து நீயே காட்டு. நான் சொன்னால் சரியாக வராது.

உனக்கு மறந்திருந்தால் என்று எழுதுகிறேன்: சுவர் மஞ்சள். வாசலுக்கு இடப்பக்கம் சமையலறை, ஃபிரிட்ஜ் ஜன்னலை ஒட்டி. உன் கட்டில் எங்கள் அறையிலேயே, அம்மா படுக்கிற பக்கம். அந்த வீட்டில் உள்ளே எந்த அறைக்கும் கதவு கிடையாது.

அன்புடன்,
அப்பா